உச்சிப்புளிப் பக்கத்து நாடக வாத்தியார் வகுப்பு: 14 மாத அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு சர்டிபிகேட் வேண்டும், கிரேடு வேண்டும், மூன்று மாதத்தில் ஒரு சினிமாப் பாட்டு வாசித்துக் காட்ட வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது. குரல் திறக்க வேண்டும், தாளம் உடம்பில் ஏற வேண்டும், நாலு பேர் முன்னால் நின்று சொல்ல வந்ததைத் திக்காமல் சொல்லத் தெரிய வேண்டும் என்றால், ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் வரை நான் பார்த்த அளவில் இதைவிட நல்ல இடம் இல்லை.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். 14 மாதமாக அங்கே போகிறாள். ஆரம்பத்தில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன், அப்புறம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி உட்கார்ந்தவன் அன்றைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு திரும்பிப் போவதையே விட்டுவிட்டேன். மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் கணக்கு எழுதுகிறேன், சங்கீதம் முறையாகப் படித்தவன் இல்லை. ஆனால் சின்ன வயதில் கோயில் திருவிழாவில் விடிய விடிய வள்ளி திருமணம் பார்த்து வளர்ந்தவன், அதனால் காது கொஞ்சம் பழகியிருக்கிறது.

இதற்கு முன்னால் ஒன்றரை வருடம் ஒரு கீபோர்டு வகுப்புக்கு அனுப்பினோம். ஊரும் பேரும் வேண்டாம். மாதம் 1,200 ரூபாய், கட்டைகளில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி, நோட்டில் நம்பர் எழுதிக் கொடுத்து வாசிக்கச் சொல்வார்கள். வாசித்தாள்தான். நோட்டை வீட்டில் மறந்துவிட்டுப் போன அன்றைக்கு ஒரு வரிகூட வரவில்லை. அதையே வாயால் பாடிக் காட்டு என்றால் உதடே பிரியாது. கடைசியில் "உங்க பொண்ணுக்குச் சங்கீதம் வராது சார்" என்று அவள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்கள். அன்று ராத்திரி அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். அந்த வலியோடுதான் இங்கே வந்தோம்.

இடம் எங்கே என்றால், உச்சிப்புளியில் இறங்கி வடகடல் பக்கம் போகிற பாதையில் ஒரு ஓட்டு வீடு, முன்னால் பனையோலைக் கொட்டகை. போர்டு கிடையாது. யாரைக் கேட்டாலும் "நாடக வாத்தியார் வீடா?" என்று கை காட்டுவார்கள். அவர் பேரை இங்கே போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் வாத்தியார் என்றே எழுதுகிறேன், எங்கள் பக்கம் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

அந்தச் சொல்லுக்கே ஒரு கனம் உண்டு. நாடகத்தில் வாத்தியார் என்றால் பாட்டு சொல்லிக்கொடுப்பவர், பாட்டு எழுதி மெட்டுப் போடுபவர், எங்கே நிற்க வேண்டும் எப்படித் திரும்ப வேண்டும் என்று ஆட்டுவிப்பவர், மூன்றும் ஒரே ஆள். இன்றைக்கு மியூசிக் டீச்சர், மியூசிக் டைரக்டர், நாடக இயக்குநர் என்று மூன்று கார்டு அடிக்கிற வேலை. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி வாத்தியார் பேச ஆரம்பித்தால் பிள்ளைகள் கதை கேட்பது மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். சுவாமிகள் 1867இல் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தார், புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் நிழலில் லயம் படித்தார். முதலில் நடித்தார், எமன், இரணியன், சனீஸ்வரன் மாதிரி பயமுறுத்துகிற வேஷங்கள். பிறகு வேஷத்தை விட்டுவிட்டு எழுதுவதிலும் சொல்லிக்கொடுப்பதிலும் இறங்கினார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி எல்லாம் அவர் கைவேலை. 1918இல் மதுரையில் சிறுவர்களை மட்டும் வைத்து தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பின்னாளில் நாடகத்தில் பேர் வாங்கிய டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான், டி.கே.சண்முகம் சேரும்போது அவருக்கு 6 வயது.

இதைச் சொல்லிவிட்டு வாத்தியார் ஒரு கேள்வி கேட்பார்: "அவரு ஏன் பெரியவங்களை விட்டுப்போட்டு உங்களை மாதிரிச் சின்னப் பிள்ளைகளைத் தேடிப் போனாரு?" பதிலையும் அவரே சொல்வார். பெரிய நடிகர்கள் ஒத்திகைக்கு வரமாட்டார்கள், எழுதிக் கொடுத்ததைப் பேசமாட்டார்கள், கைதட்டு வாங்குவதற்காகப் பாட்டை இழுத்துக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் சொன்னதைக் கேட்பார்கள், தினம் ஒத்திகை பார்ப்பார்கள்.

இந்த வகுப்பைப் புரிந்துகொள்ள அந்த ஒத்திகை என்ற சொல்தான் சாவி. இப்படிச் சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகளின் காலம் முடிந்த பிறகும் சுவாமிகளின் நாடகங்கள் சாகவில்லை, நம் பக்கத்துத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக நிலைத்துவிட்டன. அதில் நாயகன் வேஷக்காரரான ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், நாயகி வேஷமான ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், கோமாளியான பபூன் வேறொரு ஊர், மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. கதை எல்லாருக்கும் மனப்பாடம், அதை வைத்து விடிய விடிய ஓட்டிவிடுவார்கள். அது பெரிய திறமை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சுவாமிகள் உயிரைக் கொடுத்துக் கட்டின ஒத்திகை அந்த வழியில் நழுவிப்போய்விட்டது என்பது வாத்தியாரின் மனத்தாங்கல். அதை மறுபடி பிள்ளைகளை வைத்துக் கொண்டுவர முடியுமா என்று பார்க்கிறார், அதுதான் இந்தக் கொட்டகை.

அவர் சொல்கிறதற்குப் பின்னால் வாழ்க்கை இருக்கிறது. 13 வயதில் ஆல்ரவுண்டராக மேடை ஓரத்தில் உட்கார்ந்தவர், அதாவது ஜால்ரா தட்டுவது, சண்டை வந்தால் சத்தம் கொடுப்பது, கதவு தட்டினால் டக் டக் என்று கொடுப்பது. பிறகு பின்பாட்டு. பிறகு ஆர்மோனியம். நாடகக்காரர்கள் பெட்டி என்பார்கள். பெட்டிக்காரர்தான் ஸ்பெஷல் நாடகத்துக்கு மறைமுக இயக்குநர் என்று அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நடிகர் பாதை மாறினால் சுருதியை அழுத்தி இழுத்து வருவதும், நேரம் போகிறது என்றால் அடுத்த பாட்டின் மெட்டை எடுத்துக் கொடுத்து நகர்த்துவதும் பெட்டிதான். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி நாடகக்காரர்கள் பலரோடு முப்பது வருடத்துக்கு மேல் வாசித்துவிட்டு, மூட்டுவலி வந்து ராத்திரி முழுக்க உட்கார முடியாமல் போன பிறகு ஊருக்கு வந்து இதைத் தொடங்கினார். இடையில் கடற்கரைக் கிராமத்து மாதா கோயில் ஒன்றில் பாஸ்கு நாடகத்துக்கும், அதாவது ஏசுவின் பாடுகளைச் சொல்கிற நாடகத்துக்கும், பாட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறார். வகுப்பில் கீழக்கரையிலிருந்து வரும் பிள்ளைகளும் உண்டு, தங்கச்சிமடத்துப் பிள்ளைகளும் உண்டு, எல்லாரும் வள்ளி, நாரதர், வேடன் என்று மாறி மாறி வேஷம் போடுகிறார்கள்.

சரி, வகுப்பில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

முதல் இரண்டு மாதம் பாட்டே கிடையாது, இதைக் கேட்டதும் சில பெற்றோர் திரும்பிப் போய்விடுகிறார்கள். சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற நாளில் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிப்போய் வரிசையாக நிறுத்துவார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் ஒரு 40 அடி தள்ளிப் போய் இவர் நின்றுகொள்வார். பிள்ளைகள் காற்றுக்கு எதிராக ஒரு வசனம் சொல்ல வேண்டும், கத்தக் கூடாது, தொண்டை நரம்பு புடைத்தால் உட்காரச் சொல்லிவிடுவார். "மெய்யெழுத்தையெல்லாம் கடல் தின்னுரும் தாயி, உயிரெழுத்தைத்தான் நம்ம பிடிச்சு நிக்கணும்" என்பார். கேட்டுப் பாருங்கள், உண்மைதான். க், ச், ட் எல்லாம் காற்றில் உடைந்து போகின்றன. ஆ, ஈ, ஓ மட்டும் வந்து சேர்கின்றன. அதனால் மெய்யைச் சுருக்கென்று தட்டிவிட்டு உயிரில் மூச்சை ஊன்ற வேண்டும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற அக்கா ஒருவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து, முங்கும் முன்னால் எப்படி மூச்சு வாங்குகிறார், மேலே வந்ததும் எப்படி விடுகிறார் என்று பிள்ளைகளுக்குச் செய்துகாட்டச் சொன்னார். என் மகள் இப்போதும் பாட ஆரம்பிக்கும் முன் அந்த அக்கா மாதிரிதான் வயிறு நிறைய இழுக்கிறாள்.

இதன் பலனை நான் வீட்டில்தான் கண்டேன். என் அம்மாவுக்குக் காது மந்தம். எல்லாரும் எதையும் மூன்று தடவை சொல்வோம், அல்லது அலுத்துப்போய் ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவோம். மூன்றாவது மாதம் ஒரு நாள் என் மகள் பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒன்றைச் சொல்ல, "என்னத்தா சொன்ன?" என்று ஒருமுறைகூடக் கேட்காமல் அம்மா சிரித்தார்கள். சத்தம் கூடவில்லை, சொல் தெளிந்திருக்கிறது. இப்போது அப்பத்தாவும் பேத்தியும் ராத்திரி பேசிக்கொண்டே இருக்கிறார்கள். நான் கட்டின ஃபீஸ் அத்தனைக்கும் இது ஒன்றே போதும்.

அப்புறம் தாளம். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்குவார்கள் இல்லையா, அந்தக் கயிற்றை வைத்தே தாளம் சொல்லிக்கொடுக்கிறார். ஒரு பழைய வலைக்கயிற்றைப் பனைமரத்தில் கட்டி எட்டுப் பிள்ளைகளை இழுக்கவிட்டு, இழுப்பு எங்கே விழுகிறதோ அங்கே அடி, கை மாற்றுகிற இடம் வீச்சு. த-கி-ட, த-கி-ட என்று மூன்று மூன்றாக எண்ணுகிற திஸ்ரம் ஒரு மணி நேரத்தில் உடம்பில் இறங்கிவிடுகிறது. இந்த மெட்டுகளை எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, அதை வைத்தே பிள்ளைகளுக்காக அரை மணி நேர நாடகம் ஒன்று எழுதி இசையமைத்திருக்கிறார். பெரும்பாலும் செஞ்சுருட்டி ராகம், இடையில் மோகனம். ஒவ்வொரு பாட்டையும் பாடப்போகிற பிள்ளையின் சுருதி எத்தனை கட்டை, எங்கே குரல் உடைகிறது என்று பார்த்துத்தான் மெட்டுப் போடுகிறார். குரல் மாறுகிற வயதிலிருக்கும் ஒரு பையனுக்கு மேல் ஷட்ஜம், அதாவது மேல் ஸ, தொடாமலே ஒரு முழுப் பாட்டு கட்டிக் கொடுத்திருக்கிறார், கேட்கிறவர்களுக்கு அது தெரியவே தெரியாது. இன்னொரு ஆசிரியராக இருந்தால் அந்தப் பையனை ஒரு வருடம் ஓரமாக உட்கார வைத்திருப்பார்.

நான் அந்த மழை நாளில் பார்த்ததைச் சொல்ல வேண்டும். வள்ளி நாரதர் தர்க்கம் ஒத்திகை. என் மகள் வள்ளி, வலை பின்னுகிற குடும்பத்துப் பையன் ஒருவன் நாரதர். தர்க்கத்தில் எழுதிக் கொடுத்தது பாதிதான், மீதியை அவர்களே பேசிக்கொள்ள வேண்டும். அவன் கேட்டான்: "தினைப்புனத்துக்குக் காவல் நீ. உனக்குக் காவல் யார் பெண்ணே?" இவள் நின்றுவிட்டாள். ஓலையில் மழை கொட்டுகிறது, எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது, பழைய கீபோர்டு வகுப்பில் தலை குனிந்து நின்ற முகம்தான் கண்ணில் வந்தது. வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை, இடது கையால் துருத்தியை அதே வேகத்தில் அசைத்துக்கொண்டு சுருதியைப் பிடித்தபடியே இருந்தார், அவளைப் பார்க்கக்கூட இல்லை. அவள் மெதுவாக நிமிர்ந்து, "என் கையிலிருக்கும் கவண்தான் எனக்குக் காவல், முனிவரே, கொஞ்சம் தள்ளி நின்று பேசும்" என்றாள். கொட்டகையே ஆரவாரம். ஒத்திகை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டு, "நல்ல பதில். ஆனா பேசாம நின்னியே, அது எத்தனை அட்சரம்?" என்று கேட்டார். அட்சரம் என்றால் தாளத்தில் ஒரு எண்ணிக்கை, தாளம் ஒரு முழுச் சுற்று வந்தால் ஆவர்த்தனம். அவளுக்குத் தெரியவில்லை. "எட்டு. சரியா ஒரு ஆவர்த்தனம். தெரியாம நின்ன, நாளைக்குத் தெரிஞ்சு நில்லு, அதையே." அடுத்த வாரத்திலிருந்து அந்த எட்டு அட்சர மௌனம் நாடகத்தின் பகுதியாகிவிட்டது. அவள் தவறு என்று பயந்த இடத்துக்குத்தான் இப்போது முதல் கைதட்டு விழுகிறது.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். உப்புக்காற்றில் ஆர்மோனியம் படுகிற பாடு கொஞ்சமில்லை. உள்ளே அதிர்ந்து சத்தம் தருகிற நாக்குதான் ரீடு, அது பித்தளை என்பதால் பச்சை பிடிக்கும், ஒரு சுரம் கரகரக்கும், கட்டை ஊதிப்போய் அழுத்தினால் மேலே எழும்பாது. மாதம் ஒரு நாள் பெட்டியைப் பிரித்துப் பரப்பிவைத்து, ரீடுகளைத் திருகாணி கழற்றி எடுத்து, பிளேடு முனையால் பூப்போல் சுரண்டி, பழைய வேட்டித் துணியால் துடைத்துத் திரும்பப் பொருத்துவார். ரீடு நாக்கின் நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டே செய்வார். பெரிய பிள்ளைகள் இருவர் இப்போது தாங்களாகவே செய்கிறார்கள். மிருதங்கம் வேறு ஈரத்துக்குச் சுருதி இறங்கிவிடும், கல்லும் கட்டையும் எப்போதும் பக்கத்தில். ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தைக் குழைத்து அசைப்பது, வராது என்று 1940இல் வானொலியே அதை ஒதுக்கிவைத்தது, நாடகக்காரர்களுக்கு அது ஆறாத புண். இவர் அதற்காகச் சண்டை போடுவதில்லை. "பெட்டி குழையாது, பாடுறவன்தான் குழையணும். அவன் குழையிற இடத்துல நான் கையெடுத்துருவேன்" என்பார். கூர்ந்து கேட்டால் அந்தக் கையெடுக்கும் இடம் கேட்கும்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு, இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் என்றால் சங்கீதக்காரர்கள் பூச்சி சீனிவாச ஐயங்காரைச் சொல்வார்கள், பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கே குரு. மிருதங்கம் என்றால் முருகபூபதி. சொல்ல வேண்டியவர்கள்தான். ஆனால் இதே மண்ணில் விடிய விடியப் பாடிய பெட்டிக்காரர்களும் பின்பாட்டுக்காரர்களும் எந்தப் பட்டியலிலும் வரவில்லை. சுவாமிகள் பேரில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி தொடங்கினார்கள், சந்தோஷம். எங்கள் வாத்தியார் மாதிரி ஆட்களுக்கு ஒரு கூரையாவது யாராவது மாற்றிக் கொடுக்கலாம்.

குறைகள் இல்லாமல் இல்லை. சனி, ஞாயிறு மாலை 4 முதல் 7 என்பது பேச்சுக்குத்தான், ஒத்திகை சூடுபிடித்தால் எட்டரை ஆகிவிடும், பஸ்ஸில் வருகிறவர்களுக்குக் கஷ்டம். பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை வசதி போதாது, பக்கத்து வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது, இதைப் பலமுறை சொல்லியாகிவிட்டது. எதையும் எழுதித் தரமாட்டார், ஒரு வாரம் போகாவிட்டால் விட்டதைப் பிடிக்கப் பிள்ளை திண்டாடும். செல்போனில் பதிவு செய்யவும் விடுவதில்லை, காது சோம்பேறியாகிவிடும் என்கிறார், எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பிள்ளைகளுக்கு அது உதவும். கோபமும் வரும். ஒரு தடவை ஒரு சின்னப் பையனை எல்லார் முன்னாலும் கடுமையாகப் பேசிவிட்டார். நான் போய், "ஐயா, பிள்ளை வாடிப்போச்சு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் அந்தப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து அவனைத்தான் துருத்தி போடச் சொன்னார். அதற்கப்புறம் அப்படி நான் பார்க்கவில்லை.

கட்டணம் மாதம் 500. மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் வாங்குவதில்லை, யாரும் கேட்காமலே அவராக வைத்த வழக்கம். போன தடைக்காலத்தில்தான் அரை மணி நேர நாடகம் அரங்கேறியது, பக்கத்துக் குப்பத்துத் திருவிழாவில், தொங்கவிட்ட இரண்டே மைக் வைத்து. 12 ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஆட்கள் எல்லாரும் கரையில் இருந்த நேரம், நல்ல கூட்டம். கயிறு இழுக்கிற பாட்டு வந்தபோது கீழே உட்கார்ந்திருந்த கிழவர்கள் ஏலேலோ என்று வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள், பிள்ளைகள் மேடையில் கொஞ்சம் மிரண்டு, பிறகு அவர்களோடு சேர்ந்து வேகத்தை மாற்றிக்கொண்டார்கள். வாத்தியார் பெட்டியிலிருந்து கையெடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

8 வயதுக்குக் கீழே சேர்த்துக்கொள்வதில்லை. பெரியவர்கள் சேரலாம், இப்போது மூன்று பேர் இருக்கிறார்கள். சேர நினைப்பவர்கள் போன் செய்யாமல் நேரில் போங்கள், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு. ஒரு வரி பேசச் சொல்வார், பாடச் சொல்லமாட்டார். பிள்ளைக்குத் தண்ணீரும் திரும்பி வர டார்ச்சும் கொடுத்து அனுப்புங்கள், அந்தப் பாதையில் விளக்கு கிடையாது.

20 பிள்ளைகளுக்கு ஒரே பெட்டி என்பதுதான் இப்போதைக்குப் பெரிய இடைஞ்சல். பெற்றோர் சேர்ந்து பணம் போட்டு மதுரையில் பழைய ஆர்மோனியம் ஒன்று பேசி வைத்திருக்கிறோம். வாத்தியாரே போய் வாசித்துப் பார்த்துவிட்டு வந்தார், துருத்தி நன்றாக இருக்கிறதாம், மேல் ஸ்தாயியில் ஒரு ரீடு மட்டும் சரியில்லையாம். அதை என் மகள் பார்த்துக்கொள்வாள் என்று அவளிடமே சொல்லியிருக்கிறார். வீட்டில் பிளேடும் துணியும் எடுத்துவைத்துக்கொண்டு சனிக்கிழமைக்காகக் காத்திருக்கிறாள்.